பிடிபடாத இசைத்தொகுப்பை எப்படிக் கேட்பது

1987-ல் எனக்குப் பதினேழு வயது. கும்பகோணத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்கு இருந்தேன். வாடிக்கையாளர்கள் நோட்டுத் தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிட கேசட்டா, தொண்ணூறா என்று கேட்டு, ஏ பக்கத்துக்கு எது, பி பக்கத்துக்கு எது என்று கணக்குப் போட்டு, எல்பி ரெக்கார்டிலிருந்து பதிந்து கொடுப்போம். நாலரை நிமிடப் பாட்டுக்கு நாலரை நிமிடமும் ஆகும். டெக்கில் இரண்டு முள் ஆடும். சிவப்புக் கோட்டைத் தாண்டினால் பாட்டு கரகரத்துவிடும். ரொம்பக் கீழே கிடந்தால் டேப்பின் இரைச்சல் பாட்டை மூடிவிடும். அந்த முள்ளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

சினிமாப் பாட்டுக்கு ஒருமுறை லெவல் வைத்துவிட்டால் எழுந்து போய் டீ வாங்கி வரலாம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' மட்டும் என்னை நகர விடாது. 1986-ல் வந்த தொகுப்பு. பாடல் வரி கிடையாது, பத்துத் துண்டுகள், பெரும்பாலும் தந்தி வாத்தியங்கள். ஒற்றை வயலின் மெல்லிசாக இழுத்துக்கொண்டிருக்கும்போது முள் தரையோடு கிடக்கும். அது பாவம் என்று நான் லெவலை ஏற்றுவேன். உடனே மற்ற வயலின்கள் எல்லாம் சேர்ந்து எழும், முள் சிவப்புக்குப் பாயும். முதல் தடவை பதிந்தபோது மூன்று இடத்தில் கெட்டுப்போய், முதலாளியிடம் திட்டு வாங்கினேன். கேசட் கேட்டு வந்தவரோ என்னைப் பார்த்து, "இதெல்லாம் உனக்குப் புரியாதுடா தம்பி" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை ரொம்ப நாள் அந்த ரெக்கார்டுக்கு எதிரியாகவே வைத்திருந்தது.

ஆனாலும் கேட்டு வருகிறவர்கள் வந்தபடி இருந்தார்கள், பதிந்துதான் ஆக வேண்டும். ஏழெட்டு கேசட்டுக்குப் பிறகு, எந்த இடத்தில் சத்தம் எழப்போகிறது என்று என் கை முன்கூட்டியே குமிழைத் திருப்ப ஆரம்பித்தது. கைக்குத் தெரிந்துவிட்டது. எதை வைத்துத் தெரிந்தது என்று ஒருநாள் கவனித்தேன். மேலே வயலின் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, கீழே தாழ்ந்த தந்திகள் படி ஏறுவதுபோல ஒவ்வொரு சுரமாக மேலே வருகின்றன. அதுவரை அப்படி ஒன்று உள்ளே ஓடுவதே எனக்குக் கேட்டதில்லை. அன்றைக்கு ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, பதிவு எதுவும் இல்லாமல், எனக்காக மட்டும் அந்த ரெக்கார்டை முழுக்கப் போட்டுக் கேட்டேன்.

இப்போது சொந்தமாகச் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். போன வருடம் அக்கா மகள், திருச்சியில் நர்ஸிங் படிக்கிறவள், இதே தொகுப்பை ஃபோனில் கேட்டுவிட்டு, "மாமா, நீங்க இவ்ளோ சொன்னீங்க, எனக்கு ஒண்ணுமே தோணல" என்றாள். அவளுக்கு நான் வாரா வாரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். 'பத்துத் தடவை கேளு, பிடிச்சிடும்' என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கல்யாண மண்டபத்தில் ஒரே பாட்டை ஆயிரம் தடவை போட்டிருக்கிறேன், பழகிப்போனதே தவிர உள்ளே இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

முதலில் ஃபோன் ஸ்பீக்கரை விடுங்கள்

இதை என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். வயலினில் மிகத் தாழ்ந்த தந்தி 196 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 196 அதிர்வு. வயலினைவிடப் பெரிய செல்லோ 65 வரை இறங்கும். அதைவிடப் பெரிய டபுள் பேஸ் 41 வரை. ஃபோனில் இருக்கிற சுண்டுவிரல் நகம் அளவு ஸ்பீக்கரால் அந்தத் தாழ்ந்த சத்தத்தை ஒழுங்காகத் தர முடியாது. சினிமாப் பாட்டு அதில் தப்பித்துவிடும், ஏனென்றால் பாடுகிறவர் குரல் நடுவில் இருக்கிறது. கீழ் இழையை நம்பி எழுதிய இசை தப்பிக்காது. அவள் ஃபோனில் கேட்டது பாதித் தொகுப்பைத்தான். மீதி அவளிடம் வரவே இல்லை.

சுமாரான விலையில் காதை நன்றாக மூடும் ஹெட்ஃபோன் போதும். வீட்டில் பழைய ஸ்டீரியோ இருந்தால் அதைவிட நல்லது. இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் முக்கோணமாக உட்காருங்கள், சுவரின் மூலையில் ஸ்பீக்கரைச் செருகாதீர்கள், கீழ்ச்சத்தம் குழம்பும். சத்தத்தை ரொம்பக் குறைத்தும் வைக்க வேண்டாம். சத்தம் குறையும்போது நம் காதுக்கு முதலில் மங்குவது தாழ்ந்த ஒலிதான். பக்கத்தில் ஒருவர் பேசுவது போன்ற அளவு சரியாக இருக்கும். ஷஃபிளை நிறுத்திவிடுங்கள். வரிசை என்பதும் இசையமைப்பாளர் எடுத்த முடிவு.

வாரம் ஒரு இழை

நம் காதுக்கு இந்தத் தொகுப்பு ஏன் சட்டென்று பிடிபடுவதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. கச்சேரியானாலும் தாலாட்டானாலும் நமக்கு மெட்டு ஒன்றுதான். சுருதி அதைத் தாங்கும், தாளம் அதை நடத்தும். ராக ஆலாபனையில் பாடகர் ஒரு சங்கதி பாடுவார், வயலின்காரர் அதையே திருப்பி வாசிப்பார், அந்த நேரம் பாடகர் நிறுத்திக்கொள்வார். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிற மரியாதை அது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய ஃபியூக் என்ற வடிவத்தில் யாரும் நிறுத்துவதில்லை. ஒரு குரல் தனியாக ஒரு மெட்டைச் சொல்லி முடிக்கும். இரண்டாவது குரல் அதே மெட்டை வேறு சுரத்திலிருந்து தொடங்கும். அப்போது முதல் குரல் ஓயாமல் வேறொன்றைச் சொல்லிக்கொண்டே போகும். மூன்றாவது வரும், அதற்கும் இரண்டு பேரும் இடம் கொடுத்தபடி தொடர்வார்கள். ஒரே நேரத்தில் மூன்று மெட்டு. எதைக் கேட்பது என்று தெரியாமல் காது தவிக்கிறது, அந்தத் தவிப்பைத்தான் 'பிடிக்கலை' என்று சொல்லிவிடுகிறோம்.

தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்து இளையராஜா காணிக்கையாக்கிய தொகுப்பு இது. 1767-ல் பிறந்தவரும் 1685-ல் பிறந்தவரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். தனி வயலின் வி.எஸ்.நரசிம்மன். தொகுப்பில் 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்றே பெயர் வைத்த ஒரு துண்டு இருக்கிறது. சின்னதுதான். பழகுவதற்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் மேலே கேட்கிற மெட்டை மட்டும் பிடியுங்கள். வேறு எதையும் தேடாதீர்கள். தினம் ஒரே நேரத்தில், ஒரே ஒரு தடவை. வார முடிவில் அதை வாயால் முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள். முழுசாக வேண்டாம், ஆரம்பத்தில் இரண்டு அடி வந்தால் போதும். முணுமுணுக்க வராத மெட்டை இரண்டாவது குரல் சொல்லும்போது அடையாளம் காண முடியாது, அதனால்தான் இந்த வாரத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டாம் வாரம் அதே மெட்டு எத்தனை தடவை நுழைகிறது என்று எண்ணுங்கள். விரலை மடக்கி எண்ணலாம். எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் மாறும், முதல் நாள் இரண்டு கிடைக்கும், நாலாம் நாள் கூடும். என் மருமகள் பேருந்தில் எண்ணிவிட்டு எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவாள்: "மாமா, இன்னிக்கு ஒண்ணு புதுசா கெடச்சுது, கீழேர்ந்து வருது அது." சரியா தப்பா என்று நான் சொல்லவே இல்லை. கீழிருந்து வருவது அவளுக்குக் கேட்டுவிட்டது, எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாம் வாரம்தான் கஷ்டம். மேல் மெட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டு, கீழே ஓடுவதை மட்டும் கேட்க வேண்டும். காது தானாக மேலே ஓடும், இழுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு வழி உண்டு. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, கீழ்ச்சுரங்களை உம்மென்று கூடவே ஒலியுங்கள். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. வாய் கீழே இருந்தால் காதும் கீழே இருக்கும். கோயில் பஜனையில் பின்பாட்டுப் பாடியவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

அதற்கப்புறம் ஒரு வாரம் எதையும் பிடிக்காமல் சும்மா கேளுங்கள். தனித்தனியாகப் பிடித்த இழைகள் அப்போது சேர்ந்து வரும். இதை என்னால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. நான் அன்று ராத்திரி கடைக்குள் தனியாக உட்கார்ந்து கேட்டது அதைத்தான். ரெக்கார்ட் முடிந்து ஊசி உள்வட்டத்தில் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, எழுந்து போய் எடுக்க மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்

எங்கே இடிக்கிறதோ, அதற்கு மூலம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற துண்டு எனக்கு வருடக்கணக்கில் வெறும் வேகமான வயலின் ஓட்டமாகத்தான் இருந்தது. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்பது அதன் பொருள். பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற தொடர் இசைக்கோவையின் முதல் பகுதியான பிரிலூடியோவை அதில் எடுத்துக்கொண்டிருக்கிறார் ராஜா. அந்த மூலத்தை நான் வெகுநாள் கழித்துத்தான் தனியாகக் கேட்டேன். நாலு நிமிடம்கூட வராது. அதைக் கேட்டுவிட்டு இங்கே திரும்பியபோது, எது வந்த விருந்தாளி, எது வீட்டுக்காரர் என்று தெரிந்துவிட்டது. பழக்கமான ஒருவர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது போலிருந்தது. அடுத்து வரும் துண்டின் பெயர் '...அண்ட் வி ஹேட் எ டாக்'. பிறகு பேசிக்கொண்டிருந்தோம் என்று அர்த்தம். இரண்டையும் பிரிக்காமல் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொரு வாசலும் உண்டு. பாலு மகேந்திரா தன்னுடைய 'வீடு' படத்துக்கு இந்தத் தொகுப்பின் இசையைத்தான் பயன்படுத்தினார், 1988-ல் வந்த படம். ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் பணத்துக்கு அல்லாடி ஒரு வீடு கட்டுகிற கதை. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருவார். பாதி எழும்பிய அந்த வீட்டை அவர் தனியாகப் பார்க்க வரும் காட்சி இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு இந்த வயலின் யாருக்கும் அந்நியமாக இருக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை. படத்தை முதலில் பார்த்துவிட்டால் காதுக்கு அந்தக் காட்சிதான் வந்து நிற்கும், வேறு படம் மனசில் உருவாகாது. மேலே சொன்ன நாலு வாரம் முடிந்த பிறகு பாருங்கள்.

சொல் இருக்கிற தொகுப்பு என்றால்

2005-ல் வந்த இளையராஜாவின் 'திருவாசகம்' தொகுப்பை எங்கள் தெருவில் நிறையப் பேர் ஆசையாக வாங்கினார்கள், ஒரு தடவை போட்டார்கள், அலமாரியில் வைத்துவிட்டார்கள். புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, கோரஸ், நடுவே ஆங்கிலம், இருபது நிமிடம் போகிற பாட்டு. எங்கள் அம்மாவுக்குத் திருவாசகம் என்றால் மோகன ராகம். ஓதுவார்கள் அதில்தான் பாடுவார்கள், மார்கழி முழுக்க அவள் காதில் விழுந்ததும் அதுதான். வேறு மெட்டில் வந்ததும், "இது திருவாசகமே இல்லடா" என்றாள். அவள் தப்பாகச் சொல்லவில்லை. ஐம்பது வருடமாகக் காதில் ஒரு மெட்டு இருக்கும்போது இன்னொன்றுக்கு எங்கே இடம்?

அவளுக்கு நான் செய்தது இதுதான். பாட்டைப் போடாமல், சிவபுராணத்தை அவளையே படிக்கச் சொன்னேன், மெட்டு இல்லாமல், வெறும் வாசிப்பாக. தொண்ணூற்றைந்து அடி. 'பொல்லா வினையேன் புகழுமா றொன்றறியேன்' வந்ததும் அடுத்த அடிகளை நிறுத்தி நிறுத்திப் படிக்கச் சொன்னேன். 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப் பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகி'. புல்லிலிருந்து ஏறி ஏறி வருகிற ஒரு உயிரின் நடை அந்தச் சொற்களிலேயே இருக்கிறது. அதற்கு அப்புறம்தான் ராஜாவின் 'பொல்லா வினையே'னைப் போட்டேன், முதல் ஐந்து நிமிடம் மட்டும். மறுநாள் இன்னும் ஐந்து. ஆங்கில வரிகளை ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதியிருக்கிறார். அந்த இடம் வந்ததும் அம்மா முகம் சுளித்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் அவளே, "அந்தப் புல்லாகிப் பூடாய் எங்க வருதோ அதப் போடு" என்றாள். நீளமான பாட்டைத் துண்டு துண்டாகக் கேட்பது குற்றமில்லை. ஓதுவாரும் ஒரே நாளில் திருவாசகம் முழுவதும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த 'இருவர்' படம் வேறு மாதிரி. 1997-ல் அதன் பாட்டுகளைக் கல்யாண வீட்டில் யாரும் போடச் சொன்னதில்லை. அதற்குமுன் ரஹ்மானிடம் கேட்டுப் பழகிய தாளம் அதில் இல்லை. படம் பல பத்தாண்டுகளில் நடக்கிறது, ஒவ்வொரு பாட்டும் அதனதன் காலத்துச் சட்டை போட்டிருக்கிறது. 'நறுமுகையே' நாட்டை ராகத்தின் சாயலோடு வரும், அதில் வைரமுத்து புறநானூற்றின் 'அற்றைத் திங்க'ளை எடுத்து வைத்திருக்கிறார். 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' முழுக்க ஜாஸ். எது எந்தக் காலத்துப் பாட்டு என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு கேட்டால் பாதிப் பூட்டு திறந்துவிடும். ரஹ்மான் ரசிகர்கள் இப்படிப்பட்ட தொகுப்பை 'ஸ்லோ பாய்சன்' என்பார்கள். அன்பாகச் சொல்வதுதான், ஆனாலும் எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. விஷம் நாம் ஒன்றும் செய்யாமலே வேலை செய்யும். இந்தத் தொகுப்புகள் நாம் உட்கார்ந்தால்தான் வேலை செய்கின்றன.

நாலு பேராகக் கேட்கும்போது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை இல்லாவிட்டால் என் குடோனில் மூன்று நாலு பேர் சேர்வோம். ஒருவர் தவில்காரர், ஒருவர் பள்ளி ஆசிரியர். நாங்கள் வைத்திருக்கும் பழக்கம் ஒன்றே ஒன்று: 'நல்லா இருக்கு', 'நல்லா இல்ல' என்று சொன்னால் எந்த இடம் என்று காட்ட வேண்டும். ஓட்டிக் காட்டு, இரண்டாவது நிமிடமா, மூன்றாவதா? இந்தப் பழக்கம் வந்ததிலிருந்து சண்டை குறைந்துவிட்டது. தவில்காரர் காட்டுகிற இடம் எப்போதும் தாளம் திரும்புகிற இடமாக இருக்கும், ஆசிரியர் காட்டுவது சொல் விழுகிற இடம். அவர்கள் காட்டியிராவிட்டால் எனக்குக் கேட்டிருக்காத இடங்கள் அவை. 'உனக்குப் புரியாது' என்று மட்டும் யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. பதினேழு வயதில் அதைக் கேட்டவன் என்ற முறையில் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த வார்த்தை ஒருவனை இசையிடமிருந்து வருடக்கணக்கில் விலக்கி வைக்கும்.

எப்போது விடுவது என்றும் கேட்பார்கள். எல்லா இழையையும் பிடித்துப் பார்த்து, மூலத்தையும் கேட்டு, ஒரு மாதம் கழித்தும் ஒரே ஒரு இடத்துக்காகக்கூடத் திரும்பிப் போகத் தோன்றவில்லை என்றால் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு இடம், அரை நிமிடம், அது இழுத்தால் போதும், அந்தத் தொகுப்பு உங்களை விடவில்லை என்று அர்த்தம். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். ஒரு ஜாஸ் தொகுப்பு என்னிடம் அப்படி மூன்று தடவை அலமாரிக்குப் போய் வந்தது, இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. எல்லாமே தாமதமாகத்தான் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. ராஜாவின் அடுத்த தொகுப்பான 'நத்திங் பட் விண்ட்' எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் முன்னால் நடக்கிறது, நாம் அதன் பின்னால் போனால் போதும்.

என் மருமகள் ஐந்தாவது வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். ஹாஸ்டல் மொட்டைமாடி போலிருக்கிறது, காற்றுச் சத்தம். பத்து நொடி 'ம்ம்'மென்று ஏதோ முணுமுணுத்தாள். எனக்கு முதலில் என்னவென்றே தெரியவில்லை, மேல் மெட்டு இல்லையே என்று மறுபடி போட்டேன். செல்லோ வாசிக்கிற வரி.